யாய், ஞாய், தாய்

நேயர்களுக்கு வணக்கம்.

மறைந்துபோன அம்மாவை, பாட்டியை நினைவுகூர்வது பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டபோது உடனே சரி என்று சொல்லிவிட்டேன். ஃபோனை வைத்த பிறகுதான் முன்பு ஒருமுறை இதே வேலையில் நான் விழி பிதுங்கி நின்றது ஞாபகம் வந்தது. அம்மா போன பிறகு குடும்பமாகக் கூடி உட்கார்ந்த ஒரு நாளில், மூத்த மகள் என்பதால் என்னை 5 நிமிடம் பேசச் சொன்னார்கள். முந்தின நாள் ராத்திரி எழுத உட்கார்ந்தேன். பாசமானவர், பொறுமைசாலி, எங்களுக்காகவே வாழ்ந்தவர் என்று ஒரு பக்கம் ஓடியது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் அந்தத் தாளில் எங்கள் அம்மா இல்லை. அதை யார் வீட்டு அம்மாவுக்கும் படிக்கலாம்.

உண்மையைச் சொன்னால் எங்கள் அம்மா பொறுமைசாலியே இல்லை. வரிசையில் நின்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார். கதை கேட்டால் முடிவை முதலில் சொல்லச் சொல்வார்.

சரி, வருஷவாரியாக எழுதலாம் என்று அடுத்த தாளை எடுத்தேன். அம்மா வாழ்ந்தது 81 வருஷம். நான் பிறந்தபோது அவருக்கு வயது 26. அந்த 26 வருஷத்தைப் பற்றி என்னால் நாலு வரிதான் எழுத முடிந்தது. பிறந்தார், படித்தார், கல்யாணம் ஆனது, நான் பிறந்தேன். என்னவோ என்னைப் பெறுவதற்காகவே ஒருத்தி கால் நூற்றாண்டு காத்திருந்த மாதிரி!

மறுநாள் நான் பேசியது எனக்கே மறந்துவிட்டது. அதன் பிறகு பேசிய இரண்டு பேரை மறக்க முடியவில்லை. ஒருவர் அம்மாவின் பள்ளித் தோழி. கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து, "அவளா? அவ வாயாடி. வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பினா இவ அவர் மாதிரியே பேசிக் காட்டுவா. அடி வாங்குறது நான்" என்றார். எங்கள் வீட்டில் அம்மாவை 'அவ' என்று சொல்ல ஆள் இல்லாமல் போய் எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. எங்களிடம் அளந்து பேசிய அந்த மனுஷி, வாத்தியாரைப் போலப் பேசிக் காட்டியிருக்கிறார்.

இன்னொருவர் என் மகள். "பாட்டியும் நானும் மாடியில நின்னு விசில் அடிப்போம்" என்றாள். நான் திரும்பி என் தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் விசில் அடித்ததற்காக அம்மாவிடம் முதுகில் வாங்கியவன் அவன்.

அன்றைக்குத்தான் எங்கோ எப்போதோ படித்த ஒரு விஷயத்துக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது. பழந்தமிழில் தாய்க்கு ஒரே சொல் கிடையாது. என் தாய் என்றால் யாய். உன் தாய் என்றால் ஞாய். அவனுடைய, அவளுடைய, வேறு யாரோ ஒருவருடைய தாய் என்றால்தான் தாய். தந்தைக்கும் அப்படியே: எந்தை, நுந்தை, தந்தை. யாருக்கு அவள் தாய் என்று கேட்காமல் இந்த மூன்று சொற்களில் எதையும் வாயில் எடுக்க முடியாத மொழியாக இது இருந்திருக்கிறது. பிறகு யாயும் ஞாயும் வழக்கொழிந்து போயின. மூன்றாம் ஆள் பார்வையில் இருந்த 'தாய்' மட்டும் மிஞ்சி, இன்று எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது.

எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், ஒரு பெண்ணின் வாழ்க்கையை நினைவுகூர உட்காரும்போது இந்த மூன்றும் வேண்டும். நான் எழுதிய தாளில் யாய் மட்டும் இருந்தாள். என் மகளிடம் இருந்தது வேறு ஒருத்தி. தோழியிடம் இருந்தவளை எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மனிதர்கள் எந்த வயதை அதிகமாக நினைவு வைத்திருக்கிறார்கள் என்று உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கைச் சம்பவங்களைக் கேட்டால், சுமார் 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் மற்றக் காலத்தைவிட அதிகமாக வந்து விழுகின்றன. வரைபடம் போட்டால் அந்த இடத்தில் ஒரு மேடு தெரியும். முதல் பள்ளி, முதல் சிநேகம், முதல் வேலை என்று எல்லாம் புதிதாக நடக்கிற வயது என்பதால் ஆழமாகப் பதிகிறது என்பது ஒரு விளக்கம். வேறு விளக்கங்களும் இருக்கின்றன. நம் அம்மாக்களுக்கு எந்த வருஷங்கள் பளிச்சென்று நினைவிருக்குமோ, அதில் பாதி நாம் பிறக்காத காலம், மீதி நாம் தவழ்ந்த காலம். நாம் கேட்காவிட்டால் அது அவர்களோடே போய்விடும். நாம் கேட்பதோ, "மாத்திரை போட்டாச்சா?" அம்மாவிடம் கடைசி இரண்டு வருஷத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். அவரும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ இருந்தால், உங்களுக்கு 15 வயதில் யார் சிநேகிதி, யாரைக் கண்டால் பிடிக்காது, எதற்காக ஒருநாள் முழுக்க அழுதீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "எனக்கென்ன வரலாறு" என்று எழுந்து போய்விடுவார்கள். பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்து, ஓரத்தில் நிற்பது யார் என்று கேட்டால் ஒரு மணி நேரம் ஓடும். அந்தப் பெயர்களைப் படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். பேனா மை காலப்போக்கில் ஊறி முகத்துக்கு வந்துவிடும்.

அண்ணன் தம்பி அக்கா தங்கைக்குள் இதில் சண்டை வரும். எங்கள் வீட்டில் வந்தது. அம்மா ஒருமுறை கோபித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்த கதையில், மழை பெய்தது என்கிறேன் நான். தம்பி வெயில் என்கிறான். 1932-லேயே ஃபிரெடரிக் பார்ட்லெட் என்ற ஆங்கிலேய உளவியலாளர், ஞாபகம் என்பது பெட்டியில் வைத்த பொருளை எடுப்பது போன்றதல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எழுப்புவது என்று எழுதினார். ஆகவே இரண்டு கதையையும் எழுதி வைத்துவிட்டோம். மழையா வெயிலா என்பது நிற்க, அம்மாவுக்கு என்ன கோபம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டும்.

பாட்டியாக ஆன பிறகு வாழ்ந்த வருஷங்களை நினைவஞ்சலிகளில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: 'பேரப்பிள்ளைகளோடு மகிழ்ச்சியாக இருந்தார்.' என்னவோ ஓய்வுக்காலம் போல. கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானிடவியலாளரும் அவரது குழுவினரும் தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்களிடையே பல காலம் ஆய்வு செய்தார்கள். தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்து அவள் கை கட்டப்பட்டுவிடும்போது, மூத்த குழந்தை எவ்வளவு வளர்கிறது என்பது பாட்டியின் உழைப்போடு சேர்ந்தே ஏறி இறங்குவதைக் கண்டார்கள். பிள்ளை பெறும் வயது முடிந்த பிறகும் பெண்கள் நெடுங்காலம் வாழ்வதற்கு இந்தப் பாட்டிமார்தான் காரணம் என்று ஒரு கருதுகோளும் அதிலிருந்து வலுப்பெற்றது. அதை எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால் 'சும்மா வீட்டில் இருந்தார்' என்று எந்தப் பாட்டியைப் பற்றியும் எழுத இப்போது எனக்குக் கை வராது. நான் வேலைக்குப் போன 11 வருஷமும் என் மகளைத் தூக்கிச் சுமந்தது அந்தச் சும்மாதான்.

உடம்பிலேயே எழுதியிருக்கிற ஓர் உறவும் இதில் இருக்கிறது. ஒரு பெண் சிசு கருவில் ஐந்தாவது மாதத்தில் இருக்கும்போதே, பின்னாளில் முட்டையாகப் போகிற அணுக்கள் அறுபது எழுபது லட்சம் அதன் சூலகத்தில் உருவாகிவிடுகின்றன. பிறகு அவை குறைந்துகொண்டேதான் வரும். அப்படியென்றால் என் மகளாக ஆன அந்த ஓர் அணு, அம்மா என்னை வயிற்றில் சுமந்தபோதே அவருக்குள் இருந்திருக்கிறது. மூன்று பேரும் கொஞ்ச காலம் ஒரே உடம்பில் இருந்திருக்கிறோம். அப்பாவைப் பெற்ற பாட்டிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்தக் கணக்கு தாய்வழிக்கு மட்டும்தான் பொருந்தும்.

வானொலியில் பேசிக்கொண்டு குரலைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. 1980-ல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் தாயின் குரல் வருகிற விதமாகவே அதிகம் சப்பின. நாம் முதலில் அறிந்துகொள்வது அந்தக் குரலைத்தான். போன பிறகு நம் கையை விட்டு முதலில் நழுவுவதும் அதுதானோ என்று நினைக்கிறேன். முகத்துக்குப் படம் இருக்கிறது. குரலை யாரும் எடுத்து வைப்பதில்லை.

எங்களுக்கு ஒன்று தப்பிப் பிழைத்தது. தம்பியின் ஃபோனில் அம்மா அனுப்பிய குரல் செய்தி, 9 விநாடி. "டேய், இது ஓடுதா? சிவப்பு எரியுது. ஓடுதா இல்லையா? யாராவது பாருங்களேன்." அவ்வளவுதான். என்ன சொல்ல வந்தார் என்பது அதில் இல்லை. ஆனால் அந்த 9 விநாடியில் அவசரம் இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது, 'பாருங்களேன்' என்று கடைசியில் இழுக்கிற அந்த இழுப்பு இருக்கிறது. நான் எழுதிய இரண்டு தாளிலும் இல்லாத அம்மா. அந்தச் செய்தியை இப்போது நாலு ஃபோனில் போட்டு வைத்திருக்கிறோம். நீங்களும் இப்படி ஏதாவது வைத்திருந்தால் பழைய ஃபோனைக் கழிக்கும் முன் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த உரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது மகளைக் கூப்பிட்டேன். பாட்டி எப்படி விசில் அடிப்பாங்க, அடிச்சுக் காட்டு என்றேன். விரலை வைத்தா, வைக்காமலா என்று கேட்டாள். இரண்டு விதமும் உண்டாம். விரல் இல்லாமல் அடித்துக் காட்டினாள், முதலில் ஒரு நீளம், பிறகு இரண்டு குட்டை. "கீழே வான்னு அர்த்தம்மா. நீ ஆபீஸ்லேர்ந்து வர்றது தெரிஞ்சா பாட்டி இப்படித்தான் கூப்பிடுவாங்க. மாடியில ஆடினது உனக்குத் தெரியக் கூடாதுன்னு."

நானும் உதட்டைக் குவித்துப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. நாக்கைக் கொஞ்சம் உள்ளே இழுக்கணும்மா என்றாள்.

நன்றி, வணக்கம்.