37ஆம் பிரிவும் மியான்மர் விவசாயியும்

அவையோருக்கு வணக்கம்.

மியான்மர் என்றாலே நம் செய்தித்தாள்களில் ராணுவ ஆட்சி, உள்நாட்டுப் போர், அகதிகள் என்றுதான் படிக்கிறோம். நான் இன்று பேசப்போவது நிலத்தைப் பற்றி. அந்த நாட்டில் செம்பு இருக்கிறது, பச்சைக்கல் இருக்கிறது, எரிவாயு இருக்கிறது, தேக்கு இருக்கிறது. இத்தனையும் இருந்தும் அந்த மண்ணில் உழுகிறவனுக்கு ஏன் எதுவும் மிஞ்சவில்லை? நிலம் தன்னுடையது என்று அவனால் சட்டப்படி சொல்ல முடியவில்லை என்பதுதான் முதல் காரணம் என்பது என் கருத்து.

மோனிவா நகரத்துக்குப் பக்கத்தில் லெட்படாங் என்று ஒரு மலை. அதில் செம்பு இருக்கிறது. ராணுவத்தின் நிறுவனமும் வான்பாவ் என்ற சீன நிறுவனமும் சேர்ந்து அங்கே சுரங்கம் போட முடிவுசெய்தன. 7,800 ஏக்கருக்கு மேல் எடுத்தார்கள், நான்கு கிராமங்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். எந்தச் சட்டத்தின் பேரில் தெரியுமா? 1894ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டம். நம் நாட்டில் அணைக்கும் ஆலைக்கும் நிலம் எடுத்தார்களே, அதே சட்டம்தான். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம் என்பதால் அங்கேயும் அது நிலைத்துவிட்டது. நாம் அதை 2013இல் புதுச் சட்டம் கொண்டுவந்து கைவிட்டோம். அவர்கள் கைவிட்டது 2019இல்தான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பழைய சுரங்கங்களின் கழிவு மண்ணைக் கிராமத்து ஆட்கள் அள்ளிக்கொண்டு வருவார்கள். சின்னக் குட்டை வெட்டி அதில் ஊறவைத்து, பழைய இரும்பு டப்பாக்களைப் போட்டுவைப்பார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு மெல்ல மெல்ல இரும்பின் மேல் படியும். அதைச் சுரண்டி உருக்கி விற்பார்கள். உலகத்துக்கே செம்பு கொடுக்கும் மலையின் அடிவாரத்தில், விவசாயம் செய்த குடும்பங்கள் வெறுங்கையால் அமிலத் தண்ணீரைத் துழாவிப் பிழைத்தன. வேலைவாய்ப்பு வரும், வளர்ச்சி வரும் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை அந்தக் குட்டைகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மக்கள் எதிர்த்தார்கள். 2012 நவம்பர் 29 விடியற்காலையில், போராட்ட முகாம்களில் இருந்தவர்கள் மேல் போலீஸ் பாஸ்பரஸ் கலந்த குண்டுகளை வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தீக்காயம், பெரும்பாலும் புத்த பிக்குகள். ஆங் சான் சூச்சி தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். 2013 மார்ச்சில் வந்த அதன் அறிக்கை சுரங்கம் தொடரலாம் என்றது. அதைச் சொல்ல நேரில் போன சூச்சியைக் கிராமத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டு அழுது கத்தினார்கள். 2014 டிசம்பரில் நிலத்துக்கு வேலி போட வந்தவர்களைத் தடுத்தபோது, ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண் விவசாயி துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோனார். 2016இல் உற்பத்தி தொடங்கியது.

சரி, இதெல்லாம் ராணுவத்தின் கொடுமை என்று சொல்லி நாம் நகர்ந்துவிடலாமா? முடியாது. இந்தக் கதையில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் மியான்மர் நிலத்தைப் பற்றித் தமிழில் பேசுவது நேர்மையாகாது.

சூயஸ் கால்வாய் 1869இல் திறந்த பிறகு ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது லாபமாகிவிட்டது. ஐராவதி டெல்டாவின் சதுப்புக்காட்டை வெட்டி வயலாக்கினார்கள் பர்மிய விவசாயிகள். அதற்கு மூலதனம் வேண்டும். பிரிட்டிஷ் வங்கிகள் அவர்களுக்குக் கடன் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் செட்டிநாட்டிலிருந்து கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார் என்ற செட்டியார்கள். ரங்கூன் முகல் தெருவில் அவர்கள் தங்கித் தொழில் நடத்தும் கிட்டங்கி, உள்நாட்டில் ஊர் ஊருக்குக் கடை. 1930 வாக்கில் அவர்கள் பர்மாவில் போட்டிருந்த பணம் 75 கோடி ரூபாய் என்று அன்றைய வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. அந்தப் பணம் இல்லாமல் பர்மா உலகின் மிகப் பெரிய அரிசி ஏற்றுமதி நாடாகியிருக்காது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் கடனுக்கு ஈடு நிலம். உலகப் பொருளாதார மந்தத்தில் 1930இல் நெல் விலை விழுந்தது. வட்டி கட்ட முடியாமல் நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937இல் அது 25 சதவீதமாகிவிட்டது. வட்டிக்குப் பணம் கொடுத்தவருக்கு வயல் வேண்டாம், பணம்தான் வேண்டும். இருந்தாலும் காட்டை வெட்டி வயலாக்கிய குடும்பம் அதே வயலில் குத்தகைக்காரன் ஆனது. அந்த ஆத்திரத்தில் அடிபட்டதும் உயிர் போனதும் பெரும்பாலும் கடன் கொடுத்தவர்களுக்கு அல்ல, ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஏழை இந்தியக் கூலிகளுக்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுதந்திரம் வந்ததும் பர்மா என்ன செய்தது? 1948இலும் 1953இலும் நில நாட்டுடைமைச் சட்டங்களைக் கொண்டுவந்தது. நிலம் அரசுக்குச் சொந்தம், உழுபவனுக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும். விற்கவும் அடகு வைக்கவும் முடியாவிட்டால் வட்டிக்காரன் நிலத்தைப் பிடுங்க முடியாது அல்லவா? நோக்கம் நியாயமானது. அன்றைக்கு நான் அங்கே விவசாயியாக இருந்திருந்தால் கைதட்டி வரவேற்றிருப்பேன். ஆனால் 1962இல் ராணுவம் அரசானது. உழவனைக் காக்க அரசின் கையில் கொடுத்த நிலம், அப்படியே ராணுவத்தின் கைக்குப் போய்விட்டது. வட்டிக்காரனாவது கோர்ட்டுக்குப் போய்த்தான் நிலத்தை எடுக்க வேண்டியிருந்தது. ராணுவத்துக்கு அதுவும் தேவைப்படவில்லை.

இதை 2008 அரசமைப்புச் சட்டம் தன் 37ஆம் பிரிவில் நிரந்தரமாக்கியது. நாட்டின் எல்லா நிலத்துக்கும், பூமிக்கு மேலும் கீழும், நீரிலும் வானிலும் உள்ள எல்லா இயற்கை வளத்துக்கும் இறுதி உரிமையாளர் அரசு. 2012இல் வந்த விவசாய நிலச் சட்டம் ‘படிவம் 7’ என்று ஒரு சான்றிதழ் கொடுத்தது. நம்மூர்ப் பட்டா மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அது பயன்படுத்தும் உரிமைக்கான சான்றுதான். அனுமதி இல்லாமல் பயிரை மாற்றினாலோ, தகுந்த காரணமின்றி நிலத்தைச் சும்மா போட்டாலோ அந்த உரிமை பறிபோகலாம். தகராறு வந்தால் தீர்ப்பதும் அதே அதிகாரிகளின் குழு. கோர்ட்டுக்குப் போக வழி வைக்கவில்லை.

அதே ஆண்டில் வந்த காலி, தரிசு, கன்னி நிலச் சட்டம்தான் என்னை அதிகம் பாதிப்பது. மலைப்பகுதியில் காச்சின், சின், கரேன், ஷான் மக்கள் செய்யும் புனக்காட்டு விவசாயத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு சரிவை வெட்டி எரித்து ஓரிரு ஆண்டு விதைப்பார்கள். அப்புறம் அதைப் பல ஆண்டு ஓய்வுக்கு விட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போவார்கள். காடு திரும்ப வளர்ந்து மண் தேறிய பிறகு அதே இடத்துக்குத் திரும்பி வருவார்கள். யார் எந்தச் சரிவில் விதைக்கலாம் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதிகாரியின் கண்ணுக்கு அது யாரும் இல்லாத நிலம். கம்பெனி விண்ணப்பம் போட்டால் நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்துவிடலாம்.

2018 செப்டம்பரில் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். சூச்சியின் கட்சி ஆட்சியில்தான். இப்படி வகைப்படுத்தப்பட்ட நிலத்தில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் பதிவுசெய்ய வேண்டும். 2019 மார்ச் 11 கடைசி நாள். தவறினால் சொந்த வயலில் இருப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை. மரபுவழி நிலத்துக்கு விலக்கு என்று ஒரு வரி சேர்த்தார்கள், எது மரபுவழி நிலம் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் காச்சின் மாநிலத்தில் மட்டும் போரால் விரட்டப்பட்ட ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள். அவர்கள் எந்த அலுவலகத்தில் போய் விண்ணப்பம் கொடுப்பார்கள்? அவர்கள் விட்டுவந்த வயல்களில் சீன முதலீட்டில் வாழைத்தோட்டம் வந்துவிட்டது. சொந்த நிலத்திலேயே தினக்கூலிக்கு வாழைக்குலை சுமந்தவர்களும் உண்டு.

2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். காச்சினின் சீன எல்லையில், பாங்வா, சிப்வி பக்கம், அரிய மண் தனிமங்கள் கிடைக்கின்றன. மின்சார காரின் மோட்டாருக்கு வேண்டிய டிஸ்ப்ரோசியம், டெர்பியம். மலையில் துளை போட்டுக் குழாய் செருகி அமோனியம் சல்பேட் கரைசலை உள்ளே விடுகிறார்கள். அது மண்ணிலுள்ள தனிமங்களைக் கரைத்துக்கொண்டு அடியில் இறங்க, தொட்டியில் பிடித்துத் தனிமத்தைப் பிரிக்கிறார்கள். செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த குளோபல் விட்னஸ் அமைப்பு, 2022 மார்ச்சில் ஏறக்குறைய 300 இடங்களில் இப்படிக் கரைசல் பிடிக்கும் 2,700க்கும் மேற்பட்ட குட்டைகளை எண்ணியது. கரைசல் ஓடையில் கலக்கிறது. மலை சரிகிறது. 2024 அக்டோபரில் பாங்வாவை, ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் காச்சின் விடுதலைப் படை பிடித்தது. கொடி மாறிவிட்டது. தண்ணீர் தானாகச் சுத்தமாகிவிடாது. காச்சின் தலைவர்களும் சுரங்க வரியை நம்பினால் மக்கள் அவர்களையும் இதே கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. சால்வீன் ஆற்றோரம் கரேன் மக்கள் 2018 டிசம்பரில் சால்வீன் அமைதிப் பூங்கா என்று ஒன்றை அறிவித்தார்கள். ஏறத்தாழ 5,400 சதுர கிலோமீட்டர். வேலி போட்டு மக்களை வெளியேற்றும் சரணாலயம் அல்ல இது. ‘காவ்’ என்ற பழைய ஊர் நில முறைதான் இதன் அடிப்படை. புனக்காடு எங்கே, கைவைக்கக் கூடாத காடு எங்கே, மீன் பிடிக்கக் கூடாத மடு எது என்று ஊர்கூடி எல்லை குறித்து வரைபடம் போட்டுப் பதிவுசெய்கிறார்கள். கரேன் மக்களின் அரசியல் அமைப்பான கரேன் தேசிய ஒன்றியத்தின் 2015 நிலக் கொள்கை இந்தப் பொது உரிமையை ஏற்கிறது. இதற்காக உழைத்த பால் செய்ன் ட்வாவுக்கு 2020இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. மறு ஆண்டு மார்ச் 27 அன்று அந்தப் பூங்காவுக்குள் இருக்கும் டே பு நோ கிராமத்தில் ராணுவ விமானங்கள் குண்டு போட்டன. அதற்குப் பின்னும் வரைபட வேலையை அவர்கள் விட்டுவிடவில்லை.

கடைசியாக நம் அடுப்படிக்கு வருகிறேன். நாம் இட்லிக்கு அரைக்கும் உளுந்தில் கணிசமான பகுதி மியான்மரிலிருந்து வருவது. ஐராவதி டெல்டாவிலும் பகோவிலும் நெல் அறுத்த பிறகு அதே வயலில் உளுந்து விதைக்கிறார்கள். 2021இல் இந்திய அரசு ஓர் ஒப்பந்தம் போட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் தனியார் வர்த்தகம் மூலம் வாங்கலாம் என்று. அந்த ஒப்பந்தம் விளைவிப்பவரின் நில உரிமைக்கு எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. அடுத்து எந்த ஒப்பந்தம் போட்டாலும், எந்த மாவட்டத்துச் சரக்கு என்று எழுதிக் காட்ட வேண்டும், பறித்த நிலத்தில் விளைந்ததை வாங்க மாட்டோம் என்ற விதி அதில் இருக்க வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேளுங்கள். இந்த அவையில் பருப்பு வியாபாரம் செய்பவர்களும் இருப்பீர்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழியுங்கள். கூப்பிட்டால் நானும் வந்து பேசுகிறேன்.

நன்றி, வணக்கம்.