ஒத்திகைக்கு யார் கொடுப்பார்?

அவையோருக்கு வணக்கம்.

தனித்து இயங்கும் சமகால நடனக் கலைஞர்களைப் பற்றிப் பேசும்போது, மேடையில் காணும் ஒரு மணி நேரத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறோம். அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கழியும் மாதங்களில் ஆடுபவருக்கு இடம் கொடுப்பவர் யார், ஊதியம் கொடுப்பவர் யார் என்ற கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

பரதநாட்டியம் ஆடுபவருக்குச் சென்னையில் குரு, அரங்கேற்றம், சபா, மார்கழி சீசன் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதிலும் குறைகள் பல உண்டு என்றாலும், வழிவழியாக வந்த உருப்படிகள் அவர் கையில் இருக்கின்றன. சமகால நடனக் கலைஞரோ ஒவ்வொரு படைப்புக்கும் அசைவைப் புதிதாகத் தேடியாக வேண்டும். அதற்கு முதல் தேவை தரை. கல்யாண மண்டபத்துக் கிரானைட் தரையில் நாள்தோறும் விழுந்து, உருண்டு, எழுந்து பயிற்சி செய்தால் முழங்காலும் இடுப்பும் தாங்கா. மரச்சட்டங்களின் மேல் பலகை பாவி, அடியில் இடைவெளி விட்டு, மிதிக்கும்போது சற்றே அமிழ்ந்து கொடுக்கும் தரை வேண்டும். அப்படிப்பட்ட கூடங்கள் இந்த நகரத்தில் மிகக் குறைவு.

1985இல் 'அங்கிகா' என்ற நடனப் படைப்பின் வழியே பரதத்தையும் யோகத்தையும் கேரளப் போர்க்கலையான களரியையும் ஒரே உடலின் பேச்சாக்கிக் காட்டிய நடன அமைப்பாளர் சந்திரலேகா, பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய தம் வீட்டு வளாகத்தையே ஒத்திகைக் களமாக வைத்துக்கொண்டார். 2006இல் அவர் மறைந்த பின்னும் 'ஸ்பேசஸ்' என்ற அந்த இடம் கலைஞர்களுக்குப் பயன்பட்டது. அவர் குழுவில் ஆடிய பத்மினி செட்டூர், பின்னாளில் ப்ரீத்தி ஆத்ரேயா முதலியோருடன் சேர்ந்து 'பேஸ்மென்ட் 21' என்ற கூட்டமைப்பை உருவாக்கியதையும் நான் இந்த வரிசையில் வைத்தே பார்க்கிறேன்: நிறுவனம் இல்லாத இடத்தில் கலைஞர்களே நிறுவனமாக வேண்டியிருந்தது. 1992இல் தோன்றிய பெங்களூரின் அட்டக்களரி நடன மையம் பயிற்சிக்கும், டெல்லியில் 2007இல் தோன்றிய கதி அமைப்பு இளையவர்கள் சில வாரம் ஒன்றுகூடிப் படைப்பதற்கும் வழி செய்தன. சென்னையின் பிரக்ருதி அறக்கட்டளை சமகால நடனத்துக்கென்றே விருது ஏற்படுத்தியது.

இவை போதுமா? 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அதன் ஏழாம் அட்டவணையில் கலையும் பண்பாடும் இடம்பெற்றிருந்தும், அங்கே பேசப்படுவது பாதுகாப்பும் மரபுக்கலை வளர்ச்சியுமே. இன்று பிறக்கும் கலையைப் பற்றி வெளிப்படையாக ஒரு சொல்லும் இல்லை. அந்தச் சொல்லைச் சேர்க்கும்படி நாம் கேட்க வேண்டும்.

நல்கை தரும் அமைப்புகளிடமும் ஒரு வேண்டுகோள்: விழா, விளக்கு, விமான டிக்கெட் ஆகியவற்றுக்கு ஒதுக்குவதற்கு முன், ஆடுபவரின் ஒத்திகை நாள் ஊதியத்தைத் திட்டச் செலவின் முதல் வரியாக எழுதுங்கள். மாநகராட்சியோ, முகூர்த்தம் இல்லாத நாள்களில் பூட்டிக் கிடக்கும் ஒரு சமூகநலக் கூடத்துக்கு மரத்தரை போட்டு, காலை வேளைகளில் இவர்களுக்குத் திறந்துவிடட்டும்.