உலகத்தை அறிய எங்கிருந்து தொடங்குவது? ஒரு மாணவியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். திருப்பூருக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கும் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். “அக்கா, மாணவர்களுக்கு உலக விழிப்புணர்வு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் பள்ளியில், மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக அமர்ந்து விவாதிக்கும் மாதிரி ஐக்கிய நாடுகள் சபை போன்ற நிகழ்ச்சிகள் எதுவும் இல்லை. அம்மா பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். நான் நாடுகளின் தலைநகரங்களையும் நாணயங்களையும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் உலக அறிவை எப்படி வளர்த்துக்கொண்டீர்கள்?”

தலைநகரங்களை மனப்பாடம் செய்வது வீண் வேலை அன்று. ஆனால் எனக்கு உலகம் அந்த வழியாக வரவில்லை. எங்கள் ஊரின் துயரம் ஒன்றைப் புரிந்துகொள்ள முயன்றபோதுதான் அது மெல்ல மெல்ல என்னிடம் வந்து சேர்ந்தது. அதனால் பொதுவாகப் பேசாமல், நடந்ததையே சொல்கிறேன்.

நான் நாகப்பட்டினத்தில் பிறந்தவள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. ஆனால் அந்த அலையில் தம்பியைப் பறிகொடுத்த பாட்டியின் மடியில் வளர்ந்தேன். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு எச்சரிக்கை வந்தபோது எனக்கு ஆறு வயது. பாட்டி என்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடிக்கு ஓடினார். அன்று பெரிய அலை எதுவும் வரவில்லை. கடலடித் தட்டு மேலெழாமல் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக ஓர் ஆய்வு செய்யும்படி எங்கள் புவியியல் ஆசிரியை சொன்னார். (பத்து முதல் பதினேழு வயது வரையுள்ள மாணவர்கள் இதில் பங்குபெறலாம், தமிழிலேயே ஆய்வைச் சமர்ப்பிக்கலாம், உங்கள் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள்.) நானும் இரண்டு தோழிகளும் எங்கள் தெருவிலும் அருகிலுள்ள மீனவர் ஊரான அக்கரைப்பேட்டையிலும், பாட்டி உட்பட 14 பெரியவர்களிடம், அன்று காலை கடல் எப்படி இருந்தது என்று கேட்டு எழுதினோம். அலை வருவதற்கு முன் கடல் உள்வாங்கும் என்று நாங்கள் படித்திருந்தோம். தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரையில் இருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்ற அறிகுறிகளைக் கடலில் கண்டு எச்சரித்ததால் ஏறத்தாழ நூறு பேர் பிழைத்ததையும் படித்திருந்தோம். ஆனால் எங்கள் பெரியவர்களுள் பெரும்பாலோர் வேறு மாதிரிச் சொன்னார்கள். முதலில் தண்ணீர்தான் ஏறி வந்தது, அதன் பிறகே கடல் உள்ளே போனது, அடுத்து வந்த அலைதான் எல்லாவற்றையும் அடித்துச் சென்றது என்றார்கள்.

அவர்களுக்கு நினைவு பிசகிவிட்டது என்றுதான் நாங்கள் முதலில் முடிவு கட்டினோம். இதை எண்ணி இன்றும் வருந்துகிறேன். ஆசிரியைதான் எங்களைத் தடுத்து, வரைபடத்தை விரித்து வைத்தார். சுமத்ராவுக்கு அருகே தொடங்கி அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி பிளந்தபோது, பிளவின் மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. ஆகவே கிழக்கே தாய்லாந்தை நோக்கிப் போன அலையில் பள்ளம் முன்னே சென்றது. மேற்கே இலங்கையையும் நம்மையும் நோக்கி வந்த அலையில் முகடு முன்னே வந்தது. அங்கே கடல் முதலில் உள்வாங்கியதும், இங்கே முதலில் ஏறியதும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள். பாட்டி சொன்னது முழுக்க முழுக்கச் சரி. உலகத்தைப் பற்றி நான் கற்ற முதல் உண்மையான பாடமாக இதையே கருதுகிறேன்.

அதன் பிறகு கேள்விகள் தாமாகவே வந்தன. நிலநடுக்கம் நடந்த இடத்துக்கு மிக அருகில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடியபோது சிமலூவே என்னும் இந்தோனேசியத் தீவைப் பற்றி அறிந்தோம். அலை பத்து நிமிடங்களுக்குள் அங்கே சென்றுவிட்டது. 70,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர். 1907-இல் அங்கே பெரும் உயிர்ச்சேதத்தை உண்டாக்கிய ஓர் அலையை அம்மக்கள் ‘ஸ்மோங்’ என்ற சொல்லில் வைத்துப் பாதுகாத்து வந்திருந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மலைக்கு ஓடு என்பதைத் தாலாட்டிலும் பாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருந்தார்கள்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்மிடமும் ‘கடல்கோள்’ என்ற சொல் இருக்கிறது. எங்கள் ஊருக்கு வடக்கே இதே கடற்கரையில் இருந்த புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. ஆனால் நம் சொல் இழப்பைச் சொன்னதே தவிர, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அவர்களுடைய சொல்லுக்குள் ஒரு கட்டளை இருந்தது. ஆகவே அவர்களைப் போல நாமும் பாட்டுக் கட்டிவிட்டால் போதும் என்று என் ஆய்வின் முடிவில் எழுதினேன்.

அந்த முடிவு தவறு என்பதைப் பதினொன்றாம் வகுப்பில் உணர்ந்தேன். பள்ளிகளுக்கு இடையே நடந்த மாதிரி ஐக்கிய நாடுகள் சபையில் எனக்கு மாலத்தீவின் பிரதிநிதி என்ற பொறுப்பு கிடைத்தது. மற்றவர்களைப் போல நானும் புள்ளிவிவரங்களைத் திரட்டிக்கொண்டு போனேன். சபையில் ஒரு மாணவர், ஆழிப்பேரலை அபாயம் உள்ள நாடுகள் அனைத்தும் சிமலூவே மக்களிடம் கற்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தபோது, நான் பதில் சொல்ல எழுந்தேன். மாலத்தீவில் ஓடி ஏறுவதற்கு மலை இல்லை. அந்நாட்டின் இயற்கையான நிலப்பகுதி எதுவும் கடல்மட்டத்திலிருந்து மூன்று மீட்டர் உயரத்தைக்கூட எட்டுவதில்லை. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பள்ளிக்கூட மொட்டை மாடி நினைவுக்கு வந்தது. நாகப்பட்டினத்திலும் மலை இல்லை. காவிரி கொண்டுவந்து சேர்த்த தட்டையான மண் அது. 2004-இல் எங்களுக்கு எச்சரிக்கையாக அமையும் அளவுக்கு நிலமும் ஆடவில்லை; கடலும் முதலில் உள்வாங்கவில்லை. எங்கள் நிலைமைக்கு நெருக்கமான ஊர் சிமலூவே அன்று, மாலத்தீவு.

எங்களுக்கு இருந்ததெல்லாம் நேரம். காலை 6.29 மணிக்கு ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அலை எங்கள் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதலே ஹவாயில் எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஒன்று இல்லை. ஹைதராபாத்தில் நம் நாட்டின் மையம் 2007-இல் செயல்படத் தொடங்கியது. இப்போது இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளும் இப்பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கு எச்சரிக்கைத் தகவல்களை வழங்குகின்றன. எங்கோ ஒரு கடலடிக் கருவி அனுப்பும் செய்தியை நம்பித்தான் எங்கள் கரையில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். பன்னாட்டு ஒத்துழைப்பு என்ற சொல் அதுவரை எனக்குத் தேர்வில் எழுதும் சொல்லாக மட்டுமே இருந்தது.

தங்கையே, மாதிரி ஐ.நா. சபை இல்லாதது ஒரு குறைதான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்தச் சபையில் எனக்குப் பயன்பட்டது, அதற்கு முன் அக்கரைப்பேட்டையில் கேட்டு எழுதியதுதான். உங்களுக்கோ வீட்டுக்குள்ளேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. அம்மா தைக்கும் துணி எந்த நாட்டுக்குப் போகிறது என்று கேளுங்கள். வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவரில், 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் உங்கள் அம்மாவைப் போல ஏற்றுமதி ஆடை தைத்தவர்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்திலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். ஏன் அழைக்கப்பட்டார்கள், அவர்களால் ஏன் மறுக்க முடியவில்லை, அந்த ஆடைகளை வாங்கிய நாடுகளில் அதன் பிறகு என்ன நடந்தது என்று தேடிப் படியுங்கள். படித்ததை அம்மாவிடம் சொல்லி, அவருடைய கம்பெனியில் அவசர வழி எங்கே இருக்கிறது, அது பூட்டாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கேள்வி அந்தப் பக்கத்திலிருந்தே கிடைக்கும்.