செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட ஆச்சி

(மும்பை மாட்டுங்காவில் தமிழர் கூட்டம் ஒன்றில் பேசியது. பேச்சில் இருந்த இழுவையைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறேன், மற்றபடி அப்படியேதான்.)

எல்லோருக்கும் வணக்கம்.

என் தாத்தாவுக்கு ஒரு தங்கை. அப்பாவுக்கு அத்தை, எனக்கு ஆச்சி முறை. அவரைப் பற்றி எங்கள் வீட்டில் வழங்கிவந்த வரலாறு மொத்தமே இவ்வளவுதான்: பம்பாய்க்கு நர்ஸ் வேலைக்குப் போனாள், கப்பல் வெடித்ததில் செத்துப்போனாள். அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள், மேடையில் பெயர் வேண்டாம் என்றார்கள். நியாயம்தான்.

ஆமாம், பேரப்பிள்ளைகள். கப்பல் வெடித்தபோது கல்யாணமே ஆகாத பெண்ணுக்குப் பேரப்பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் விஷயம்.

முதலில் அந்தக் கப்பல். இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த சேதிதான். 1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை, விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கைன் என்ற சரக்குக் கப்பல். பஞ்சுப் பொதிகள், அவற்றோடு கிட்டத்தட்ட 1,400 டன் வெடிபொருள், போதாக்குறைக்குத் தங்கக் கட்டிகள், எல்லாம் ஒரே கப்பலில். மாலை 4 மணி தாண்டி ஒருமுறை வெடித்தது, அரை மணி நேரம் கழித்து இன்னொருமுறை. எரிகிற பஞ்சு ஊர்மேல் வந்து விழுந்தது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள், யாருடைய உடம்பு எது என்று தெரியாமல் போனவர்களும் உண்டு. யுத்த காலத் தணிக்கை வேறு இருந்ததால் பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்ப மே இரண்டாவது வாரம்தான் அனுமதி கிடைத்தது. ஜப்பான்காரன் கையில் இருந்த சைகோன் ரேடியோ மறுநாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

இப்போது யோசியுங்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு, பம்பாயில் இருக்கும் பெண் செத்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடல் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள், போய்ப் பார்த்தீர்களா என்றும் கேட்க முடியாது. இதைவிட வசதியான சாவு எங்கே கிடைக்கும்?

எங்கள் குடும்பம் நான்கு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம், அதனால் எனக்குத் தொடக்கம் சுலபமாக இருந்தது. மிஷன் ஊர்களில் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு பெரும்பாலும் இன்னும் இருக்கிறது. பிறந்த நாள், ஞானஸ்நான நாள், தகப்பன், தாய், தொழில், ஊர், எல்லாம் ஒரே வரிசையில். ஆச்சி பிறந்தது 1919. திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே மிஷன் ஆஸ்பத்திரி வந்துவிட்டதால் எங்கள் பக்கத்துப் பெண்கள் நர்ஸ் படிப்புக்குப் போவது ஓரளவு சகஜம். மற்றவர்கள் கண்டவர் உடம்பைத் தொடுகிற வேலை என்று முகம் சுளித்த காலத்தில் எங்கள் ஆட்கள் சம்பளம் வருகிறதே என்று அனுப்பினார்கள். அப்புறம் அந்தச் சம்பளம்தான் தம்பிமாரைப் படிக்க வைத்தது, அதை யாரும் வம்சாவளியில் எழுதி வைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பதிவேட்டுக்குப் பிறகு அவரைக் காணோம். எங்கள் பெரியப்பா ஒருவர் சார்ட் தாளில் அழகாக வரைந்த குடும்ப மரம் ஒன்று உண்டு, பேரன் பேத்திகளுக்கெல்லாம் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார். அதில் பெண்களே இல்லை. மருமகள்கள் மட்டும் அடைப்புக்குறிக்குள் இருக்கிறார்கள். நாடே அப்படித்தானே இருந்தது? 1951-52 முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனபோது, முக்கியமாக வட மாநிலங்களில், 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய தாய்' என்று மட்டும் பதிந்து, சொந்தப் பெயர் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்கலாமே என்றால், பிரிட்டனில் நூறு வருஷம் ஆனதும் வீடுவாரிக் கணக்கைத் திறந்து காட்டுகிறார்கள், 1921 கணக்கு 2022இல் வெளிவந்தது. நம்மூரில் தனிநபர் விவரத்தை யாரும் பார்க்க முடியாது, சட்டம் அப்படி.

என் அனுபவத்தில் பெண்ணை வம்சாவளியில் தேடினால் கிடைக்க மாட்டாள். அவளால் யாருக்காவது ஒரு காரியம் ஆக வேண்டியிருந்திருக்கும் பாருங்கள், அந்தக் காகிதத்தில் இருப்பாள்.

எனக்கு முதலில் கிடைத்தவை மணியார்டர் கூப்பன்கள். இங்கே இருக்கும் இளைஞர்களுக்காக: முன்பெல்லாம் தபால்காரர் வீட்டுக்கே வந்து பணம் கொடுப்பார், பாரத்தின் அடித்துண்டைக் கிழித்து நம்மிடம் தருவார், அனுப்பியவர் அதில் இரண்டு வரி எழுதியிருப்பார். பூட்டி காலத்துக் கீர்த்தனைப் புத்தகத்துக்குள் அப்படிச் சில துண்டுகள். ஓரம் பழுப்பேறி, தொட்டால் உதிர்கிற மாதிரி. ஒன்றில் 'அம்மா கண் வைத்தியத்துக்கு மட்டும், வேறு செலவு செய்ய வேண்டாம்' என்று நறுக்கென்று எழுதியிருக்கிறது. தாதர் தபால் முத்திரை வட்டமாக, பாதி அழிந்து. ஆனால் வருஷம் தெளிவாகத் தெரிகிறது: 1947. செத்து மூன்று வருஷம் கழித்து அம்மாவின் கண்ணுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார்!

அடுத்தது சார்பதிவாளர் ஆபீஸ். கிறிஸ்தவக் குடும்பத்துக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. மேற்கே மலையைத் தாண்டினால் திருவிதாங்கூர், அங்கே கதை வேறு, 1986இல் மேரி ராய் வழக்கில் தீர்ப்பு வரும்வரை மகள்களுக்கு ஏதோ பிச்சைக் காசுதான். எங்கள் பக்கம் சமபங்கு என்றால் என்ன அர்த்தம்? பூட்டனார், அதாவது ஆச்சியின் அப்பா, இறந்ததும் வயலை விற்கவோ அடகு வைக்கவோ அண்ணன் தம்பிகளுக்குத் தங்கையின் கையெழுத்து வேண்டும். உயிரோடு இருக்கிற தங்கையின் கையெழுத்து.

பலருக்குத் தெரியாத ஒன்று: 1908 பதிவுச் சட்டப்படி, சொத்துப் பத்திரங்கள் பதியும் ஒன்றாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில் பதியும் புத்தகம் அப்படியில்லை. நாம் வழக்கமாக வில்லங்கம் போடுவது சர்வே நம்பரை வைத்து. ஆனால் பெயர்வாரி அட்டவணை ஒன்றும் இருக்கிறது. நான் கேட்டது அதைத்தான். அங்கிருந்த எழுத்தர் முதலில் இல்லவே இல்லை என்றார், அப்புறம் பழைய கட்டிடத்தில் இருக்கும் என்றார், அப்புறம் டீ குடித்தோம், சரி, கிடைத்தது.

1957ஆம் வருஷத்து விடுதலைப் பத்திரம். இன்னாருடைய குமாரத்தியும், பம்பாய் 14 நாய்காவில் வசிக்கும் இன்னாருடைய மனைவியும், நர்ஸ் உத்தியோகம் பார்ப்பவருமான ஆச்சி, ரூபாய் 300 பெற்றுக்கொண்டு தன் பாகத்தை விட்டுக்கொடுக்கிறார். கீழே அவர் கையெழுத்து, பள்ளிக்கூடத் தமிழில், கொம்பும் காலும் பிசகாமல். கூடவே இடது பெருவிரல் ரேகை. பதிவாளர் முன்னால் நேரில் வந்து வைத்தது. அவரை இன்னார்தான் என்று அடையாளம் காட்டிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பவர் என் தாத்தா.

எங்களைத் திண்ணையில் உட்கார வைத்து, பாவம் கப்பல் வெடித்ததில் போய்விட்டாள் என்று சொன்ன அதே தாத்தா. எனக்குக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. ஒரு வார்த்தை அவருக்காகச் சொல்வதென்றால், பொய்யை அவர் உண்டாக்கியிருக்க மாட்டார், அவருடைய அப்பா உண்டாக்கியதைக் காப்பாற்றினார். இந்துக் குடும்பத்து நண்பர்களே, நீங்களும் தேடிப் பாருங்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகும், தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்த 1989 திருத்தத்துக்குப் பிறகும், எத்தனையோ வீடுகளில் பேச்சுவார்த்தை இல்லாத அக்காவை ஒரு கையெழுத்துக்காகத் தேடிப் போயிருக்கிறார்கள். ஜாதக நோட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அறுபது வருஷச் சுழற்சி என்பதால் சுபானு என்று போட்டிருந்தால் 1883ஆ 1943ஆ என்று யோசித்துக்கொள்ளுங்கள். மொய் நோட்டு, ஜமாஅத் நிக்காஹ் பதிவேடு, எதையும் விடாதீர்கள்.

நாய்காவுக்கு வருவோம். அந்த விலாசம் பி.டி.டி. சால், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் மாடிக் குடியிருப்பு. 1920களில் பம்பாய் அபிவிருத்தித் துறை கட்டியது, ஓர் அறை 160 சதுர அடி. நாய்காவில் மட்டும் 42 கட்டிடம். இப்போது புதுக் கட்டிடம் கட்டுவதற்காகக் காலி செய்து இடித்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் விசாரிக்க ஆளே இருந்திருக்காது. ஒரு மராட்டிப் பாட்டி, நான் மத்ராசி என்றதுமே, நர்ஸ்பாயி வீட்டு ஆளா என்று கேட்டார். 'இந்த மாடியில் பாதிப் பேரை அவள்தான் வெளியே இழுத்துப் போட்டாள், காசு வாங்க மாட்டாள், ஆனால் பயங்கரமாகத் திட்டுவாள்.' பகலில் பரேல் பக்கம் ஆஸ்பத்திரி வேலை, ராத்திரியில் மில் தொழிலாளர் வீட்டுப் பிரசவம். பேரப்பிள்ளைகளின் போன் நம்பர் அவரிடமிருந்துதான் கிடைத்தது. சிவ்ரி கல்லறைத் தோட்டப் பதிவேட்டில் ஆச்சியின் அடக்கம் 1983 என்று இருக்கிறது. கல் கிடையாது, இந்த ஊரில் இடம் இல்லாததால் குழியைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

ஆச்சியின் பேத்தி என்னிடம் ஒன்று சொன்னார். அவர்கள் வீட்டில் எங்கள் தாத்தாவைப் பற்றிய கதை வேறு: ஊரில் அண்ணன் ரொம்ப நல்லவன், 1957இல் போனபோது பஸ் ஏற்றிவிட வந்து அழுதான். அந்த அழுகைக்குப் பத்திரம் எதுவும் கிடையாது, நான் நம்புகிறேன்.

நேரம் ஆகிவிட்டது, மணி அடிக்கிறார்கள். கேள்வி கேட்கலாம். பத்திரத்தில் புருஷன் பெயர் இருந்ததே, அவர் என்ன சாதி என்று மட்டும் கேட்காதீர்கள். இதுவரை இந்தக் கதையைச் சொன்ன எல்லா இடத்திலும் முதல் கேள்வி அதுதான், அதற்குப் பதில் சொல்வதாக இல்லை.