வீடியோ டோர் போனில் முகம் தெரியவில்லையா? கேமராவை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

[திரையில்: ஹால் சுவரில் மானிட்டர். கேட்டில் ஒருவர் நிற்கிறார், முகம் மங்கலாகத் தெரிகிறது.]

வணக்கம். பெல் அடிக்கிறது. மானிட்டரில் ஒரு ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. வயதான அம்மா அப்பா பகலில் தனியாக இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. முகம் தெரியாவிட்டால் அவர்கள் கதவைத் திறந்துதான் பார்ப்பார்கள். கதவைத் திறக்காமல் ஆளைப் பார்க்கத்தானே இதை வாங்கி மாட்டினோம்?

சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுக் காட்டினால் "கேமரா போயிடுச்சு, மாத்திடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். மாற்றிய பிறகும் படம் அப்படியே இருக்கிற வீடுகள் நிறைய. கம்பி வழியாக வேலை செய்யும் டோர் போன்களில் கோளாறு பெரும்பாலும் ஒயரிலோ கரன்ட்டிலோதான் இருக்கிறது. அதனால் எதையும் கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். படம் எப்போது கெடுகிறது? எப்போதுமேவா, இரவில் மட்டுமா, காலை வெயிலிலா, இன்வெர்ட்டரில் ஓடும்போதா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

[திரையில்: கேட் யூனிட்டின் முகப்பு, மிக அருகில்.]

எப்போதுமே மங்கல் என்றால் முதலில் கேட் யூனிட்டின், அதாவது கேமராவும் பெல் பட்டனும் உள்ள வெளிப் பெட்டியின், கண்ணாடியைப் பாருங்கள். புதிதாக வரும்போது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே விட்டிருப்பார்கள். அப்புறம் தெருப் புழுதி, ஒட்டடை. துடைப்பதிலும் கவனம் வேண்டும். லென்ஸுக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் மணல் துகள்கள் கீறிவிடும். ஆல்கஹாலோ அம்மோனியாவோ கலந்த திரவம் பட்டால் மெல்லிய வெடிப்புகள் விழும். ஈரத்துணியால் தூசியை எடுத்துவிட்டு, மென்மையான துணியால் லேசாக ஒற்றி எடுங்கள், போதும்.

உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். யூனிட்டுக்கும் சுவருக்கும் நடுவில் மேல்பக்கத்திலும் இரண்டு ஓரங்களிலும் சிலிக்கான் அடைக்க வேண்டும். கீழ்ப்பக்கத்தை அடைக்கக் கூடாது. உள்ளே போன ஈரம் வெளியே வர அதுதான் வழி. நாலு பக்கமும் அடைத்துவிட்டு ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்திருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

கிழக்கு பார்த்த கேட்டில் காலையில் மட்டும் முகம் கருப்பாகத் தெரிந்தால், அது வெயில் எதிரே வருவதால். உங்கள் மாடலில் டபிள்யூடிஆர் (WDR) அல்லது பேக்லைட் என்ற, எதிர்வெளிச்சத்தைச் சமாளிக்கும் செட்டிங் இருந்தால் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் சாய்வுக் கட்டை வைத்து யூனிட்டைச் சற்றுத் திருப்பினாலே முகம் தெளிந்துவிடும்.

[திரையில்: இரவு. மானிட்டரில் கோடு கோடாக நடுங்கும் கருப்பு வெள்ளைப் படம்.]

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பகலில் படம் நன்றாக இருக்கிறது. இருட்டினால் நடுங்குகிறது, கோடு விழுகிறது, சில நேரம் அணைந்து அணைந்து வருகிறது. இதை "நைட் விஷன் சரியில்லை" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் நடப்பது வேறு.

இருட்டியதும் கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு எல்இடிகள் எரியத் தொடங்கும். அப்போது யூனிட் இழுக்கும் கரன்ட் கூடும். 300 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மானிட்டரிலிருந்து கேட்டுக்கு 30 மீட்டர். கரன்ட் போய்த் திரும்ப வேண்டும், ஆக 60 மீட்டர் கம்பி. அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்றால் அதன் மின்தடை 2 ஓமுக்குச் சற்று மேலே. இழப்பு சுமார் 0.7 வோல்ட். தாங்கலாம். அதே தூரத்துக்கு டெலிபோன் ஒயரோ, நெட்வொர்க் கேபிளின் ஒற்றை இழையோ போட்டிருந்தால் தடை 5 ஓமுக்கு மேல். வீட்டுக்குள் 12 வோல்ட் கிளம்பினால் கேட்டில் 10.4 வோல்ட்தான் போய்ச் சேரும். படம் அங்கேதான் தடுமாறுகிறது.

செம்பு பூசிய அலுமினியக் கம்பியாக இருந்தால் இன்னும் மோசம், தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நுனியை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அது முழுச் செம்பு இல்லை. விலை குறைவு என்று இந்த ஒயரை வாங்கிச் சுவருக்குள் புதைத்துவிட்டு, பிறகு வருடக்கணக்கில் கேமராவைக் குறை சொல்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

[திரையில்: கேட் யூனிட்டின் பின்பக்கம். மல்டிமீட்டரின் இரண்டு முனைகள்.]

இதை உறுதி செய்ய, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் போதும். இருட்டிய பிறகு, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது, கேட் யூனிட்டின் முனையில் அளக்க வேண்டும். யூனிட்டைக் கழற்றிவிட்டு வெறும் ஒயரில் அளந்தால் முழு 12 வோல்ட்டும் காட்டும், ஏமாந்துவிடுவீர்கள். 11-க்குக் கீழே இறங்கினால் ஒயரையும் அடாப்டரையும் சந்தேகப்படலாம். உங்கள் கருவி 12 வோல்ட்தானா என்று அதன் லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். 15, 18 வோல்ட் மாடல்களும் உண்டு.

தீர்வு, தடிமனான செம்புக் கம்பி. புதிதாக இழுக்க முடியாவிட்டால், கேபிளில் சும்மா இருக்கும் இழைகளைப் பாசிட்டிவுக்கு இரண்டு, நெகட்டிவுக்கு இரண்டு என்று சேர்த்து முறுக்குங்கள். இழப்பு பாதியாகும். வீடியோ இழையும் அதன் கிரவுண்டும் ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடியில் இருக்கட்டும். 12 வோல்ட் கருவிக்கு 15 வோல்ட் அடாப்டர் மாட்டிச் சமாளிக்காதீர்கள். பகலில் எல்இடி அணைந்ததும் கூடுதல் வோல்ட் அப்படியே கேமராவில் போய் இறங்கும்.

எல்இடி எரிகிறதா என்றே சந்தேகமா? இரவில் செல்போன் கேமரா வழியாகப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் வெளிர் ஊதாவாகத் தெரியும். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு நூல் வலை இருந்தாலும் இரவுப் படம் முழுக்க வெள்ளைப் புகை மாதிரி ஆகிவிடும்.

[திரையில்: மானிட்டரில் குறுக்காக ஒரு பட்டை மெதுவாக மேலே நகர்கிறது.]

அடுத்தது, படத்தின் குறுக்கே மெதுவாக நகரும் பட்டை. நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. பழைய அனலாக் டோர் போன்களில் இருக்கும் PAL முறை வீடியோ வினாடிக்கு 50 அரைப்படங்களாக வருகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், மின்கம்பியின் இரைச்சல் வீடியோவில் கலந்தால் இப்படி ஆடி அசைந்து நகரும் பட்டையாகத் தெரியும்.

எப்படிக் கலக்கிறது? நம் வீடுகளில் சாதாரண காலிங் பெல் நேரடியாக 230 வோல்ட்டில்தான் ஓடுகிறது. டோர் போன் மாட்டும்போது அந்தப் பெல்லின் பைப் தயாராக இருக்கிறதே என்று அதற்குள்ளேயே புது ஒயரையும் இழுத்துவிடுகிறார்கள். படம் கெடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். உள்ளே இன்சுலேஷன் உரசிப் போனால், மழையில் நனைந்த கையோடு அழுத்துகிற பட்டனுக்கே 230 வோல்ட் வந்துவிடலாம். உங்கள் வீட்டில் இப்படி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். எலக்ட்ரீஷியனை வைத்து, மெயினை அணைத்துவிட்டு, தனிப் பைப்பில் மாற்றுங்கள். மின் ஒயரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிப் போகட்டும். குறுக்கே போயே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். தூரம் அதிகம் என்றால் வீடியோவுக்கு மட்டும் ஆர்ஜி 59 கோஆக்சியல் கேபிள் (கேபிள் டிவி ஒயர் மாதிரியானது) போடுவது நல்லது.

கரன்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் கோடு வந்தால், அந்த இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையா (சீரான அலையாக இல்லாமல் சதுர வடிவில் கரன்ட் தருவதா) என்று பாருங்கள். எந்நேரமும் மெல்லிய கோடுகள் இருந்தால், அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள வேறொரு நல்ல அடாப்டரை மாட்டிப் பார்ப்பதுதான் செலவு குறைந்த சோதனை.

[திரையில்: மேஜை மேல் கேட் யூனிட், மானிட்டர், நடுவில் ஒரு முழ ஒயர்.]

இவ்வளவு பார்த்தும் குழப்பம் என்றால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மின்சாரத்தை அணைத்து, ஒயர்களின் நிறத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, கேட் யூனிட்டைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். மானிட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒரு முழ நீள ஒயரில் இணைத்து, மின்சாரத்தைப் போடுங்கள். அறை விளக்கை அணைத்தும் பாருங்கள். படம் பளிச்சென்று வந்தால் கேமரா நன்றாக இருக்கிறது, கோளாறு நடுவில் இருக்கும் ஒயரில். இங்கேயும் மங்கல் என்றால் கேமராவோ மானிட்டரோ அடாப்டரோ. சர்வீஸுக்கு வருபவரிடமும் முதலில் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஒயர்தான் என்று தெரிந்தால் ஜாயிண்டுகளைத் தேடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட், காம்பவுண்ட் சுவருக்குள் ஈரத்தில் பச்சை பூத்துப் போயிருக்கும். கடற்கரை ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும். வெட்டிவிட்டு, ஜெல் நிரப்பிய கனெக்டர் போடுங்கள்.

மாடியில் இரண்டாவது மானிட்டர் மாட்டிய பிறகு படம் இருண்டாலோ நிழல் விழுந்தாலோ, கேபிளின் முடிவில் இருக்க வேண்டிய 75 ஓம் டெர்மினேஷன், அதாவது சிக்னல் திரும்பி எதிரொலிக்காமல் தடுக்கும் மின்தடை, தப்பாக இருக்கிறது. கடைசி மானிட்டரில் மட்டும்தான் அது இருக்க வேண்டும். சில மாடல்களில் பின்பக்கம் இதற்கென்றே குட்டி சுவிட்ச் வைத்திருப்பார்கள்.

வைஃபை டோர்பெல் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆப்பில் படத்தின் தரம் எஸ்டி (SD) என்று இருந்தால் எச்டிக்கு (HD) மாற்றிப் பாருங்கள். வைஃபை சிக்னலின் பலம் மைனஸ் 67 டிபிஎம் (dBm, சிக்னலை அளக்கும் அலகு) அளவில் இருந்தால் நல்லது. மைனஸ் 70-ஐத் தாண்டி இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடையும். ரவுட்டரை இரும்பு பீரோ பக்கத்திலிருந்து வாசல் பக்கம் நகர்த்துங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இந்த மூன்று சேனல்களில் ஒன்றை வையுங்கள்.

பகலிலேயே படம் ரோஜா நிறத்தில் இருந்தால் அகச்சிவப்பை மறைக்கும் ஃபில்டர் சிக்கியிருக்கிறது. அது கேமராவுக்குள் இருக்கும் கோளாறு, சர்வீஸ்தான். அதேபோல், பழைய அனலாக் மாடலில் எவ்வளவு சரிசெய்தாலும் 576 வரிகளுக்கு மேல் விவரம் கிடைக்காது. அங்கே மாற்றுவது நியாயம். மாற்றும்போது கேமராவையும் மானிட்டரையும் செட்டாக வாங்குங்கள். 1080 வரிகள் உள்ள எச்டி கேமராவைப் பழைய மானிட்டரில் இணைத்தால் படமே வராமல் போகலாம்.

வேலை முடிந்ததும் பகலில் ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிட வேண்டாம். இருட்டிய பிறகு வீட்டில் ஒருவரைக் கேட்டில் நிறுத்தி பெல் அடிக்கச் சொல்லுங்கள். மானிட்டரில் அந்த முகத்தை அம்மாவோ அப்பாவோ அடையாளம் சொல்லட்டும்.