54 சைஸ் சைக்கிள், முட்டி வலி, மரத்துப்போற விரல்: எதை முதல்ல சரி பண்றது?

வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான். கொஞ்சம் நீளமானது, ஆனா இதுக்குள்ளயே ரோட் பைக் ஓட்டுறவங்களுக்கு வர்ற பாதி வலி அடங்கியிருக்கு. அதனால முழுசா படிச்சுடறேன்.

"என் உயரம் 170 சென்டிமீட்டர். இன்சீம் (கவட்டுல இருந்து தரை வரைக்கும் கால் நீளம்) 78. செகண்ட் ஹேண்ட்ல 54 சைஸ் ரோட் பைக் வாங்கினேன். 25, 30 கிலோமீட்டர் தாண்டினா முட்டிக்கு முன்பக்கம் வலிக்குது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகுது, கழுத்து பிடிச்சுக்குது. ரெண்டு நுனிக்காலும் தரையில படணும்னு சீட்டை 65 சென்டிமீட்டருக்கு இறக்கினேன். ஹேண்டில் எட்டலைன்னு சீட்டை முன்னாடி கடைசி வரைக்கும் தள்ளினேன். அப்பவும் வலி போகலை. இதை வித்துட்டு 52 வாங்கணுமா?"

விக்காதீங்க. இப்போதைக்கு விக்கவே வேண்டாம். நீங்க பண்ணின அந்த ரெண்டு மாற்றம்தான் வலியில பெரும்பங்கு. சீட்டை இறக்கினது முட்டிக்குப் போச்சு, சீட்டை முன்னாடி தள்ளினது கைக்குப் போச்சு. சீட் எங்க இருக்கணும்னு முடிவு பண்றது உங்க காலும் பெடலும். அதுல ஹேண்டில்பாருக்கு வேலையே இல்லை. சீட்டை காலுக்கு ஏத்தபடி நிறுத்திட்டு, அப்புறமா ஹேண்டில்பாரை உங்ககிட்ட கொண்டு வாங்க. ஹேண்டில்பாரைத் தேடி சீட்டைக் கொண்டுபோகக் கூடாது.

முதல்ல உயரம். 78 இன்சீம்னு சொல்லியிருக்கீங்க. அது பேன்ட் அளவா, உடம்பு அளவான்னு பாத்துக்கங்க, பேன்ட் அளவு எப்பவுமே குறைச்சலா வரும். வெறுங்காலோட சுவத்துல முதுகு ஒட்டி நில்லுங்க. ரெண்டு பாதத்துக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒண்ணை, முதுகு ஓரம் மேல வர்ற மாதிரி ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சு, சீட் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தி மேல இழுங்க. நோட்டோட இன்னொரு ஓரம் சுவத்துல படிஞ்சு நிக்கணும், சாய்ஞ்சா அளவு தப்பாயிடும். மேல் ஓரத்துல இருந்து தரை வரைக்கும் டேப் பிடிங்க. மூணு தடவை எடுங்க.

உண்மையிலேயே 78 வந்துச்சுன்னா, அதை 0.883-ஆல பெருக்குங்க. 68.9 வரும். டூர் டி ஃபிரான்ஸை மூணு தடவை ஜெயிச்ச கிரெக் லெமாண்ட் பேர்ல புழங்குற கணக்கு இது. பெடல் கையான கிராங்க் மாட்டியிருக்கிற அச்சோட நடு மையத்துல இருந்து, சீட்டைத் தாங்குற கம்பி (சீட் போஸ்ட்) இறங்குற சீட் ட்யூப் சாய்வுலயே டேப்பை மேல கொண்டுபோய், சீட்டோட மேல்பரப்புல தொடுற அளவு. இந்தக் கணக்கு பல பேருக்கு ஒரு பொட்டு உயரமாத்தான் வருது. அதனால 5 எம்எம் கழிச்சு 68.4-ல ஆரம்பிங்க. நீங்க இருக்கிறது 65. ஏறக்குறைய 34 எம்எம் கீழ உக்காந்து மிதிக்கிறீங்க.

அது ஏன் முட்டியைத் தாக்குது? சீட் கீழ இருந்தா பெடல் மேல வர்ற ஒவ்வொரு தடவையும் முட்டி அளவுக்கு மீறி மடங்குது. மடங்கின நிலையிலேயே அழுத்தி மிதிக்கும்போது முட்டிச் சில்லு தொடை எலும்பு மேல இறுக்கி அழுந்தும். நிமிஷத்துக்கு 80 சுத்துன்னா ஒரு மணி நேரத்துல ஒரு காலுக்கு 4,800 தடவை. 25 கிலோமீட்டர் வரைக்கும் முட்டி பொறுத்ததே பெரிசு.

நுனிக்கால் தரையில படணும்ங்கிற விஷயத்துக்கு வருவோம். ரோட் பைக்ல அந்த கிராங்க் அச்சே தரையில இருந்து சுமார் 27 சென்டிமீட்டர் மேல இருக்கு. சீட் சரியான உயரத்துல இருந்தா அதோட மேல்பரப்பு உங்களுக்கு 92, 93 சென்டிமீட்டர்ல வரும். உங்க கால் 78. சீட்ல உக்காந்துக்கிட்டே எப்படி ஊன்ற முடியும்? ஊன்ற வேண்டியதில்லை. சிக்னல்ல நிக்கும்போது சீட்டை விட்டு முன்னாடி இறங்கி, ஃப்ரேமோட மேல் குழாய்க்கு ரெண்டு பக்கமும் கால் போட்டு நிக்கணும். கிளம்பும்போது ஒரு பெடலை கடிகாரத்துல ரெண்டு மணி முள் இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து, அதுல ஏறி மிதிச்சா உடம்பு தானா மேல வரும், அப்படியே உக்காந்துக்கலாம். ட்ராஃபிக் இல்லாத தெருவுல பத்து தடவை பழகிட்டா இந்த பயம் போயிடும். பயம் போனாத்தான் சீட்டை ஏத்த மனசு வரும், அதனாலதான் இதை இவ்வளவு சொல்றேன்.

34 எம்எம்மையும் ஒரே நாள்ல ஏத்தாதீங்க. சீட் போஸ்ட்ல இப்ப இருக்கிற இடத்துல கரன்ட் வேலைக்குப் போடுற இன்சுலேஷன் டேப்பை ஒரு சுத்து சுத்திடுங்க. முதல்ல 10 எம்எம் ஏத்துங்க. அப்புறம் ரெண்டு மூணு ரைடுக்கு ஒரு தடவை 5 எம்எம். ஏத்தும்போது போஸ்ட்ல இருக்கிற மினிமம் இன்சர்ஷன் கோடு வெளியில தெரியவே கூடாது. போஸ்ட்டோ ஃப்ரேமோ கார்பன்னா கிரீஸ் போடாதீங்க, கார்பன் பேஸ்ட்தான். கிளாம்ப் மேல எழுதியிருக்கிற டார்க்குக்கு (முறுக்கு விசை) மேல முறுக்காதீங்க, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும்.

உயரம் வந்துருச்சான்னு குதிகாலை வச்சுப் பாருங்க. வண்டியை சுவத்தோரம் நிறுத்தி ஏறி உக்காந்து, பெடல் ஆகக் கீழ இருக்கும்போது குதிகாலை அது மேல வைங்க. ஓட்டும்போது போடுற ஷூவோட. இடுப்பு சாயாம கால் நேரா நீளணும். அப்புறம் பெருவிரலுக்குப் பின்னாடி இருக்கிற மேட்டை பெடல் அச்சுக்கு நேரா வச்சா, முட்டி 25-ல இருந்து 35 டிகிரி மடங்கி இருக்கும். நடுப்பாதத்தை பெடல்ல வச்சு மிதிக்கிற பழக்கம் இருந்தா முதல்ல அதை மாத்துங்க, அது காலோட நீளத்தையே குறைச்சுடும். எந்த உயரமும் சரியாப் படாது.

ஏத்திக்கிட்டே போகும்போது முட்டிக்குப் பின்பக்கம் இழுத்துச்சுன்னாலோ, பின்னாடி வர்றவர் உங்க இடுப்பு இடதும் வலதும் ஆடுதுன்னு சொன்னாலோ, அளவு தாண்டிட்டீங்க. 5 எம்எம் இறக்குங்க.

அடுத்தது சீட் முன்னாடியா, பின்னாடியா. இதுல நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. சீட் ட்யூப் சாய்வா இருக்கிறதால சீட்டை ஏத்தினா அது பின்னாடியும் போகும். 34 எம்எம் ஏத்தினா 10 எம்எம் பின்னாடி. அதனால உயரத்தை முடிச்சுட்டு முன்-பின் பாருங்க, பாத்துட்டு உயரத்தை இன்னொரு தடவை சரிபாருங்க. கொத்தனார் வச்சிருக்கிற தூக்குக்குண்டு மாதிரி ஒரு நூல்ல நட்டு ஒண்ணைக் கட்டிக்கங்க. கிராங்க் தரைக்கு இணையா, மூணு மணி நிலையில இருக்கணும். முட்டிச் சில்லுக்குக் கீழ புடைச்சுக்கிட்டு ஒரு எலும்பு இருக்கு பாருங்க, அங்க நூலைப் பிடிச்சுத் தொங்க விடுங்க. நூல் பெடல் அச்சு மேலயோ, ஒரு சென்டிமீட்டர் பின்னாடியோ விழணும். இது ஆரம்பப் புள்ளிதான். ஆனா உங்க சீட் ரெயில்ல முன்னாடி கடைசியில இருக்கு, நூல் நிச்சயமா அச்சைத் தாண்டி முன்னாடி விழும்.

அப்படி முன்னாடி இருக்கிறதுதான் விரலை மரக்க வைக்குது. சீட் முன்னாடி போனா உங்க உடம்பு எடையும் பாதத்துக்கு முன்னாடி போயிடுது. அந்த எடையை யாராவது தாங்கணும், கை தாங்குது. உள்ளங்கையோட வெளிப்பக்க மேட்டுல ஓடுற அல்நார் நரம்பு அமுங்குது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் போற நரம்பு அதுதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்திருந்தா அது வேற நரம்பு, மணிக்கட்டை மடக்கிப் பிடிக்கிறீங்களான்னு பாக்கணும். ஒரு சோதனை சொல்றேன், ட்ரெய்னர்ல (நின்ன இடத்துலயே ஓட்டுற ஸ்டாண்ட்) மாட்டிச் செய்யுங்க, ரோட்டுல வேண்டாம். ஹுட்ல (பிரேக் லீவர் மேல இருக்கிற ரப்பர் பிடி) கை வச்சு ஓட்டிக்கிட்டே, முதுகு நிலையை மாத்தாம ரெண்டு கையையும் ஒரு அங்குலம் தூக்குங்க. உடனே முன்னாடி சரிஞ்சீங்கன்னா சீட் இன்னும் பின்னாடி போகணும்.

சீட்டோட மூக்கு கீழ சாய்ஞ்சிருக்கான்னும் பாருங்க. ஹேண்டில் எட்டாதவங்க பெரும்பாலும் அதையும் சாய்ச்சு வச்சிருப்பாங்க. சீட் மேல ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை வச்சு, அது மேல போன்ல லெவல் ஆப் போட்டா தெரிஞ்சுடும். சுழியம், போனா ரெண்டு டிகிரி கீழ. அதுக்கு மேல சாய்ஞ்சா வழுக்கி வழுக்கி கையாலதான் உங்களைப் பிடிச்சு நிறுத்துவீங்க.

இப்பத்தான் ஹேண்டில்பார். சீட் மேல ஏறி பின்னாடியும் போனதால, ஹேண்டில் இன்னும் தூரமா, இன்னும் கீழ தெரியும். பதறாதீங்க. இதுக்குத்தான் ஸ்டெம் இருக்கு, ஹேண்டில்பாரை ஃபோர்க் குழாயோட சேர்க்கிற துண்டு. பெரும்பாலான 54 வண்டிகள்ல 100 அல்லது 110 எம்எம் ஸ்டெம், 6 டிகிரி, கீழ பாத்த மாதிரி மாட்டியிருக்கும். அதைக் கழட்டித் தலைகீழா மாட்டுங்க. காசே செலவில்லை. 110 ஸ்டெம்மா இருந்தா ஹேண்டில் சுமார் 22 எம்எம் மேல வரும், 7 எம்எம் கிட்ட வரும். ஸ்டெம்முக்கு மேல ஸ்பேசர் வளையம் கிடந்தா அதைக் கீழ மாத்துங்க, அது அளவுக்கு இன்னும் உயரும். ரெண்டு வாரம் ஓட்டியும் கழுத்து பிடிக்குதுன்னா 90 எம்எம் ஸ்டெம் வாங்குங்க. வாங்கும்போது ஹேண்டில் கிளாம்ப் 31.8, ஃபோர்க் குழாய் 28.6 எம்எம்தானான்னு பாத்து வாங்குங்க. கேபிள் எல்லாம் ஹெட்செட் (ஹேண்டில் திரும்புற பேரிங்) வழியா உள்ளுக்குள்ள போற மாடலா இருந்தா மட்டும் நீங்க கை வைக்காதீங்க, மெக்கானிக்கிட்ட கொடுங்க.

ஸ்டெம் மாட்டுறதுல நடக்கிற தப்பு எல்லாம் ஒரே இடத்துலதான். மேல இருக்கிற டாப் கேப் போல்ட் ஸ்டெம்மைப் பிடிக்கிறது இல்லை. அது பேரிங்ல இருக்கிற ஆட்டத்தை எடுக்கிறதுக்கு. ஸ்டெம்மோட பக்கவாட்டு போல்ட் ரெண்டும் லூஸா இருக்கும்போதே டாப் கேப்பை லேசா முறுக்குங்க. முன் பிரேக்கைப் பிடிச்சு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்க, ஹெட்செட்ல ஒரு விரலை வச்சுக்கங்க. டக் டக்னு தட்டுச்சுன்னா இன்னும் கால் சுத்து. ஹேண்டில் திரும்பவே கனமா இருந்தா அதிகமாயிடுச்சு. ஆட்டம் போனதும் சக்கரத்துக்கு நேரா ஸ்டெம்மை நிறுத்தி, பக்கவாட்டு போல்ட்டை மாத்தி மாத்தி 5 நியூட்டன் மீட்டர் முறுக்குங்க. முன்பக்க மூடிக்கு நாலு போல்ட், குறுக்கு மறுக்கா, மேலயும் கீழயும் இடைவெளி ஒரே அளவு இருக்கணும்.

இப்ப உங்க கடைசிக் கேள்வி, 52 வாங்கணுமா. சீட் சரியான இடத்துல இருக்கும்போது, 80 எம்எம்முக்குக் குறைஞ்ச ஸ்டெம் போட்டாத்தான் எட்டுதுன்னா அந்த ஃப்ரேம் உங்களுக்குப் பெரிசு. அப்ப மாத்துங்க, அதுவரைக்கும் வேண்டாம். மாத்தினாலும் 52-ங்கிற எண்ணை நம்பாதீங்க. அந்த எண் ஒரு காலத்துல சென்டிமீட்டர்ல சீட் ட்யூப்போட நீளம். மேல் குழாய் சாய்வா வர ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அதுக்குப் பெரிசா அர்த்தம் இல்லை, ஒரு கம்பெனியோட 52 இன்னொரு கம்பெனியோட 54 மாதிரி இருக்கும். ஜியோமெட்ரி அட்டவணையில ரீச், ஸ்டாக் ரெண்டையும் பாருங்க. கிராங்க் அச்சுல இருந்து ஹெட் ட்யூப்போட (ஃபோர்க் குழாய் நுழையுற முன் குழாய்) மேல் முனை எவ்வளவு முன்னாடிங்கிறது ரீச், எவ்வளவு மேலங்கிறது ஸ்டாக். 54 சைஸ் ரேஸ் ஃப்ரேம்ல ஸ்டாக் 540 எம்எம்மை ஒட்டி இருக்கும், நிமிர்ந்து நீண்ட தூரம் ஓட்டுற எண்டூரன்ஸ் ஃப்ரேம்ல 570-ஐத் தாண்டும். அந்த 3 சென்டிமீட்டர்தான் உங்க கழுத்து. உங்க உயரத்துக்கு 78 இன்சீம்னா கால் நீளம்னு சொல்ல முடியாது. கால் நீளம், உடம்பு குட்டைன்னா ரீச் இன்னும் சின்னதா வேணும். கடையில உயரத்தை மட்டும் கேட்டு சைஸ் சொல்றாங்கன்னா, இன்சீமைச் சொல்லி அட்டவணையைக் காட்டச் சொல்லுங்க.

கிராங்க் பத்தி ஒரு வார்த்தை. 54-ல 172.5 எம்எம் கிராங்க் வந்திருக்க வாய்ப்பு உண்டு. 78 இன்சீமுக்கு 170 அல்லது 165 முட்டிக்கு இதமா இருக்கும். டூர் டி ஃபிரான்ஸ் ஜெயிச்ச, உங்களைவிட உயரமான பொகாச்சரே 165-ல ஓட்டுறார். ஆனா அது செலவு, சீட்டை சரி பண்ணியும் முன்முட்டி வலி இருந்தா மட்டும் யோசிங்க. அப்படி மாத்தினா கிராங்க் எவ்வளவு குறைஞ்சதோ அவ்வளவு சீட்டை ஏத்தணும்.

டயர் காத்தும் கைக்கு வரும். டயர் பக்கவாட்டுல போட்டிருக்கிறது அதிகபட்ச அளவு, அடிக்க வேண்டிய அளவு இல்லை. 70 கிலோ ஆளுக்கு 28 எம்எம் டயர்ல 70, 75 பிஎஸ்ஐ போதும். 110 அடிச்சு நம்ம ரோட்டுல ஓட்டினா எந்த ஃபிட்டும் கையைக் காப்பாத்தாது.

இவ்வளவும் செஞ்சு ஒரு மாசம் ஆகியும் முட்டி வீங்குதுன்னாலோ, இறங்கி ஒரு நாள் ஆகியும் விரல்ல உணர்ச்சி திரும்பலைன்னாலோ, பிடிமானம் குறையுதுன்னாலோ வண்டியை ஓரம் வச்சுட்டு டாக்டரைப் பாருங்க. அது ஆலன் கீயால தீர்ற விஷயம் இல்லை.

எல்லாம் சரியா அமைஞ்சதும் மூணு அளவை எழுதி வச்சுக்கங்க: சீட் உயரம், சீட் மூக்குல இருந்து ஹேண்டில்பார் நடு வரைக்கும் எவ்வளவு, தரையில இருந்து ஹேண்டில்பார் உயரம். பழைய இன்சுலேஷன் டேப்பைப் பிச்சுட்டு புது இடத்துல சுத்திடுங்க. சர்வீஸுக்கு விட்டு வாங்கும்போது போஸ்ட் கீழ இறங்கியிருந்தா, கடை வாசல்லயே தெரிஞ்சுடும்.