கடுகு போன இடம்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, இரு அணிகளிலும் அமர்ந்திருக்கும் பேச்சாளப் பெருமக்களே, பொங்கலன்று கழுவ வேண்டிய பாத்திரத்தை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு இந்த வாசகசாலைத் திடலுக்கு வந்திருக்கும், கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைத் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

‘குடும்பத்தில் பணம் மிஞ்சுவது அன்றாடச் சிக்கனத்தாலா, பெருஞ்செலவுகளைத் தவிர்ப்பதாலா?’ என்ற தலைப்பில், அன்றாடச் சிக்கனத்தால்தான் என்று பேச நான் வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஐயா அவர்கள், பூசணிக்காய் போன இடம் தெரியாமல் கடுகு போன இடத்தை ஆராய்கிறவர்கள் என்று எங்கள் அணியை வருணித்தார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன், ஏனென்றால் பழமொழி நல்ல பழமொழி. மண்டபம், பந்தல், பந்தி, நகை என்று ஒரு கல்யாணத்துக்கு எட்டு லட்சம் ரூபாய் போகிற வீட்டில், சாயாக்கடையில் தினம் பத்து ரூபாயை மிச்சம் பிடித்து என்ன ஆகப் போகிறது என்றும் அவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது, அதை முதலில் வெளியே எடுத்து வைத்துவிடுகிறேன்.

அந்த எட்டு லட்சம் யாருடைய பணம், ஐயா? நம் பக்கத்து வீடுகளின் வழக்கப்படி பார்த்தால், இரண்டு லட்சம் கையிருப்பு. மற்ற ஆறும் நகையை அடகு வைத்தும், கூட்டுறவுச் சங்கத்தில் ஈடு காட்டியும், மாமனிடமும் சித்தப்பாவிடமும் கைமாற்று வாங்கியும் சேர்த்தது. இப்போது ஐயா அவர்களின் யோசனைப்படியே கல்யாணத்தைச் சுருக்கி நான்கு லட்சத்தில் முடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் பீரோவைத் திறந்தால் உள்ளே நான்கு லட்சம் இருக்குமா? இருக்காது. நான்கு லட்சம் கடன் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். அது மிக நல்ல காரியம், அதை நான் ஒருபோதும் மறுக்க மாட்டேன். ஆனால் நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, கடன் எப்படிக் குறைகிறது என்று கேட்கவில்லை. பணம் எப்படி மிஞ்சுகிறது என்று கேட்கிறது. அந்தக் கல்யாணக் கணக்கில் உண்மையிலேயே மிஞ்சிய பணம் என்று ஒன்று உண்டென்றால், அது தொடக்கத்தில் இருந்த இரண்டு லட்சம் கையிருப்பு மட்டுமே, அதுவும் மாதாமாதம் சமையலறையிலும் சந்தையிலும் பிடித்துப் பிடித்துச் சேர்ந்ததே ஒழிய எந்தக் கல்யாணத்தையும் சுருக்கி வந்ததல்ல.

வாங்காத கடனுக்குக் கட்ட வேண்டாத வட்டி மிச்சம் தானே என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்து கேட்பார். குறிப்பெடுப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. மிச்சம்தான். ஆனால் அந்த மிச்சம் எங்கே போய் நிற்கிறது? எங்கள் தெருவில் ஓர் அண்ணன், புது பைக் வாங்கினால் ஒரு லட்சம் போய்விடும் என்று மூன்று வருடமாகப் பழைய வண்டியையே ஓட்டுகிறார். ‘வாங்காமல் மிச்சம் பிடித்த அந்த ஒரு லட்சம் எங்கே அண்ணா?’ என்று ஒரு நாள் கேட்டேன். ‘அதைத்தான் அம்மிணி நானும் தேடுகிறேன்’ என்றார். அவர் பெரிய செலவை வென்றுவிட்டார். அந்தப் பணம் வேலந்தாவளம் சந்தைக்கும் பொள்ளாச்சி ஜவுளிக்கடைக்கும் இடையில் ஐம்பதும் நூறுமாகக் கரைந்துவிட்டது. அன்றாடத்தில் பிடித்து நிறுத்த ஆளில்லாத வீட்டில், பெரிய செலவைத் தவிர்த்த பணம் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய ஆழியாற்றுத் தண்ணீர்.

நடுவர் அவர்களே, இனி கடுகுக்கு வருகிறேன். என் வீட்டுச் சமையலறைக் காலண்டரில், சிலிண்டர் மாட்டிய தேதியை வட்டமிடுவது என் பழக்கம். வீட்டுக்கு வரும் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கும். நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டில் முன்பெல்லாம் இரண்டு வட்டங்களுக்கு நடுவே 31 நாள் இருக்கும். இப்போது 43 நாள் இருக்கிறது. அரிசியும் பருப்பும் குறையவில்லை, வருகிற விருந்தாளிகளும் குறையவில்லை. மாறியது எரிக்கும் முறை மட்டுமே. எங்கள் வீட்டில் கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசிதான், அது வேக முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும், அந்த முக்கால் மணி நேரமும் தீ எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் தண்ணீர் ஒரு முறை கொதித்துவிட்டால், அதற்குப் பிறகு தீயை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பானைக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டப் போவதில்லை. கூடுதலாக எரிகிற எரிவாயு தண்ணீரை ஆவியாக்கி ஓட்டுக்கு மேலே அனுப்புகிறது, அவ்வளவுதான். அரிசிக்கு வேண்டியது தீ அல்லவே, சூடு தானே? அறிவியல் பரப்பும் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்துக்காரர்கள் வீடு வீடாகப் பரப்பிய சூடாறாப்பெட்டியை இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அரிசியைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, பானையை மூடி, சூடு வெளியேறாதபடி தெர்மோகோல் பதித்த பெட்டிக்குள் இறக்கி வைத்துவிட்டால், மீதியை அந்தச் சூடே வேகவைத்துவிடும். என்னுடையது கடையில் வாங்கியதுகூட இல்லை, தொலைக்காட்சிப் பெட்டி வந்த அட்டைப்பெட்டிக்குள் அதோடு வந்த தெர்மோகோலையே வெட்டி ஒட்டி, என் அத்தையின் இரண்டு பழைய நூல் சேலைகளைச் சுற்றித் திணித்தது. காலை ஆறரை மணிக்கு உள்ளே வைத்தால் எட்டு மணிக்குச் சோறு வடிக்கலாம். அந்த நேரத்தில் அடுப்பு தோசைக்கு ஒழிந்திருக்கும். இத்துடன் பருப்பையும் கடலையையும் முதல் நாள் இரவே ஊறவைப்பது, குக்கர் விசில் வந்ததும் தீயைத் தணிப்பது, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாலை எடுத்தவுடன் அடுப்பில் ஏற்றாமல் அரை மணி நேரம் வெளியே வைப்பது, இவ்வளவே. ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று சிலிண்டர் மிஞ்சுகிறது. மூன்று சிலிண்டர் என்ன விலை என்பதை இந்தத் திடலில் உள்ள தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மின்கட்டணத்தைப் பாருங்கள். கடுகு எப்படிப் பூசணிக்காயை உருட்டிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கேரள மின்வாரியம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில் போடுகிறது. மாதக் கணக்கில் 250 யூனிட் வரை படிப்படியாக விலை ஏறும். முதல் ஐம்பதுக்கு ஒரு விலை, அடுத்த ஐம்பதுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று போகும். அந்த 250-ஐத் தாண்டிவிட்டாலோ படிக்கணக்கே மறைந்துவிடும். முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே விலை. ஆக இரண்டு மாதத்தில் 499 யூனிட்டில் நிற்பவருக்கும் 502 யூனிட்டில் நிற்பவருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மூன்று யூனிட்டின் விலை அல்ல. மொத்தப் பில்லும் வேறு கணக்குக்குப் போய்விடுகிறது. அந்த மூன்று யூனிட் எது? ஆளில்லாத அறையில் ஓடிய மின்விசிறி. பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், புதிதாக வந்திருக்கும் பிஎல்டிசி விசிறி 30 வாட்டில் ஓடும். நாளுக்கு 12 மணி நேரம் என்று போட்டால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு மட்டும் 54 யூனிட்டுக்குப் பதில் 22 யூனிட். நான் மூன்றையும் ஒரே நாளில் மாற்றவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஓணத்துக்குப் போனஸ் வரும்போது ஒன்று, அடுத்த ஆண்டு ஒன்று என்று மாற்றினேன். மூன்றாவது விசிறி இன்னும் பழையதுதான். அது விருந்தினர் அறையில் இருக்கிறது, விருந்தினர் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

இந்த இடத்தில் என் அணிக்கு எதிராகவும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவர் அவர்களே சொல்லிவிடுவார். சிக்கனம் என்ற பெயரில் நடக்கும் எல்லாமே சிக்கனம் ஆகிவிடாது. கேரளத்தில் 2023 ஏப்ரலிலிருந்து பெட்ரோல் லிட்டருக்கு இரண்டு ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி சேர்ந்த பிறகு, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்குப் போய் நிரப்பி வருவது நம் ஊரில் ஒரு விரதம்போல் ஆகிவிட்டது. விலை வித்தியாசம் லிட்டருக்கு ஐந்து ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு கிலோமீட்டர் என்று வேலை மெனக்கெட்டுப் போய் மூன்று லிட்டர் போட்டு வருகிறவர் 15 ரூபாய் லாபம் பார்க்கிறார். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு 27 ரூபாய்ப் பெட்ரோல் எரிந்துவிடுகிறது. பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போகிறவர் வரும் வழியில் போட்டு வந்தால் அது லாபம். வேலையின்றி அதற்காகவே போவது வண்டிக்கும் கேடு. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று வீட்டில் யாரும் தின்னாத பிஸ்கட்டைச் சுமந்து வருவதும் இந்த வகைதான். மாறாக, அரசின் மாவேலி ஸ்டோரில் மானிய விலைக்குத் தரும் 13 பொருள்களில் அன்றைக்கு எது வந்திருக்கிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்தாற்போல் அந்த வாரக் குழம்பைத் தீர்மானிப்பது உண்மையான சிக்கனம். 2025-இல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டி ஓடியபோது, என் வீட்டில் அப்பளம் பொரிப்பது நின்று சுடுவதாக மாறியது. சுட்ட அப்பளத்துக்குப் பழகிய பிறகு இப்போது பொரித்தது யாருக்கும் இறங்குவதில்லை.

மிச்சம் பிடித்த பணம் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டுமே, அதற்கும் எதிரணியிடம் வழி இல்லை. பெரிய செலவு தவிர்க்கப்படும் நாளில் கையில் பணமாக எதுவும் இருப்பதில்லை என்பதால், அதைக் கொண்டுபோய்ப் போடுவதற்கும் எதுவும் இல்லை. சிறு மிச்சம் அப்படியல்ல, அன்றன்றே கையில் நிற்கும். 1998-இல் மலப்புறத்தில் தொடங்கி வைக்கப்பட்ட, கேரள அரசின் மகளிர் குழுத் திட்டமான குடும்பஸ்ரீ, பெண்களிடம் முதலில் கேட்டது வாரந்தோறும் ஒரு சிறு தொகைதான். எங்கள் அயல்கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்களின் குழுவில், பதினான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அந்த வாரம் யார் வீட்டுத் திண்ணையோ அங்கே பாய் விரித்து உட்காருவோம். ஆளுக்கு இருபது ரூபாய், முடிந்தவர்கள் ஐம்பது. கணக்குப் புத்தகம் பதினோரு ஆண்டுகளாக என் கையில் இருக்கிறது. மழைத்தண்ணீர் பட்டு மை பரவிய பக்கங்களும் உண்டு, அந்தப் பக்கங்களில் ஒரு தொகைகூட அழியாமல் மேலே பேனாவால் மறுபடி எழுதியிருக்கிறேன். போன ஜூன் மாதம் ஒரு சகோதரிக்கு மகனின் கல்லூரிச் சேர்க்கைக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் உடனே தேவைப்பட்டது. வாரத் தவணைக்கு வாசலில் வந்து நின்று சத்தம் போடும் தனியார் கடன்காரரிடம் அவர் போகவில்லை; ஒரே கூட்டத்தில், பதினான்கு பேரின் இருபது ரூபாய்களிலிருந்து அந்தப் பணத்தை எண்ணிக் கொடுத்தோம். இதே பணத்தைத் தனியாகச் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு அஞ்சலகத் தொடர் வைப்பு இருக்கிறது. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஐந்தாண்டுத் தவணை. மாதம் 1,000 ரூபாய் கட்டினால், 6.7 சதவீத வட்டிக் கணக்கில், போட்ட அறுபதாயிரம் ஐந்தாண்டில் எழுபத்தோராயிரத்துக்கு மேல் திரும்பி வரும். மாதம் ஆயிரம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு, ஐயா அவர்கள் கேலி செய்த சாயாவையே திருப்பித் தருகிறேன்: வேலை நாளில் கடைச் சாயாவும் பருப்பு வடையுமாக இரு வேளைக்கு நாற்பது ரூபாய் என்றால், 26 நாளுக்கு 1,040.

இந்தப் பதினோரு ஆண்டுப் புத்தகத்தில் நான் கவனித்த ஒன்றையும் எதிரணிக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பதினான்கு பேரில் நான்கு வீடுகளில் கல்யாணம் நடந்தது. ‘மண்டபம் வேண்டாம், கோவில் முன்பே பந்தல் போதும், பந்தியில் பாயசம் ஒன்று போதும்’ என்று சொந்தபந்தத்தின் முகத்துக்கு நேரே சொல்லத் துணிந்தவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேர் பெயருக்கு எதிரேயும் ஒரு வாரம்கூட விடுபட்டதில்லை. தினம் பத்து ரூபாய்க்கு ‘வேண்டாம்’ சொல்லிப் பழகாத வாய்க்கு, ஊர் கூடி நிற்கும்போது எட்டு லட்சத்துக்கு ‘வேண்டாம்’ என்ற சொல் எப்படி வரும்? எதிரணி கேட்கும் பெருஞ்செலவுத் தவிர்ப்பும் எங்கள் அணியின் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் கிளம்ப வேண்டியிருக்கிறது.

தீர்ப்புச் சொல்வதற்கு முன், நடுவர் அவர்கள் ஒரு சிறு விசாரணை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எதிரணித் தலைவர் ஐயா அவர்களிடம், அவர் வீட்டில் இப்போது எரியும் சிலிண்டரை எந்தத் தேதியில் மாட்டினார்கள் என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாது. ஆனால் மூன்றாவது வரிசையில், பச்சைப் புடவையில், எங்கள் அயல்கூட்டத்தின் பன்னிரண்டாவது பெயராக அமர்ந்திருக்கும் அவருடைய இல்லத்தரசியைக் கேளுங்கள். தேதியோடு கிழமையும் சொல்வார். நன்றி, வணக்கம்.